புல்லட் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் ஆம்ப்ஸ் முள்ளைப் பாருங்கள்

பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணினால் நம்மூரில் ஒரு சடங்கு நடக்கும். பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள். ஆகாது. புது பிளக் போடுவார்கள். அப்போதும் ஆகாது. பிறகு பாயிண்ட் (கரண்டை மூடித் திறக்கும் சின்ன சுவிட்ச்), கண்டென்சர், காயில் என்று வரிசையாக மாற்றுவார்கள். எதிலோ ஒன்றில் வண்டி உயிர் பெறும். எதனால் ஸ்டார்ட் ஆனது என்று மாற்றியவருக்கும் தெரியாது, காசு கொடுத்தவருக்கும் தெரியாது. நல்ல நிலையில் இருந்த பழைய காயில் குப்பைக்குப் போயிருக்கும், லூஸாக இருந்த எர்த் வயர் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த வண்டிக்கு இப்படிக் குருட்டாம்போக்கில் சாமான் மாற்றவே தேவையில்லை. கரண்ட் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியிலேயே போய்ப் பார்த்தால் கோளாறு தானாக மாட்டும். பாதி வேலையை ஹெட்லைட் மேல் உட்கார்ந்து, பேட்டரிக்குள் வரும், போகும் கரண்டைக் காட்டும் ஆம்ப்ஸ் மீட்டரே செய்துவிடும்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ரெட்டிச் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த காஸ்ட் அயர்ன் புல்லட் 350. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சி.சி. அதிலும் பாயிண்ட் வைத்த, 12 வோல்ட் மாடல். சி.டி.ஐ. (பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷன்) வைத்த எலெக்ட்ராவுக்கும், பின்னால் வந்த யூ.சி.இ. (எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) எஞ்சினுக்கும் கீழே உள்ளவற்றில் முக்கால்வாசி பொருந்தாது. 6 வோல்ட் வண்டி என்றால் வோல்ட் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். முறை அதேதான்.

கரண்ட் போகும் வழி

பேட்டரி பிளஸ், ஃபியூஸ், ஆம்ப்ஸ் மீட்டர், சாவி சுவிட்ச், காயிலின் பிளஸ் முனை, காயிலுக்குள் இருக்கும் பிரைமரி (முதல்) கம்பிச் சுருள், காயிலின் மைனஸ் முனை, பாயிண்ட், எஞ்சின் பாடி, அங்கிருந்து எர்த் வழியாகப் பேட்டரி மைனஸ். இவ்வளவுதான் சுற்று. (நெகட்டிவ் எர்த் வண்டிக்கான கணக்கு இது. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.)

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடிக் காந்தம் ஏறும். பாயிண்ட் திறக்கும் நொடியில் அந்தக் காந்தம் சரிந்து, செகண்டரி (இரண்டாம்) கம்பிச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் கிளம்பிப் பிளக்கில் பொறியாகிறது. அதே நொடியில் பிரைமரியிலும் சில நூறு வோல்ட் எழும். அது பாயிண்ட் வாயிலேயே (இரு முனையும் தொடும் இடம்) பொறியாகக் கரைந்துபோகாமல் வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. பாயிண்ட் திறப்பது எவ்வளவு சுத்தமாக, சட்டென்று நடக்கிறதோ அவ்வளவு நல்ல பொறி கிடைக்கும்.

இது மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே கரண்ட் உண்டாக்கும் கருவி) அல்ல. பேட்டரி செத்தால் பொறியும் செத்தது. அதனால் மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. சும்மா இருக்கும்போது மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். சாவியையும் ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 12.5 காட்டிய பேட்டரி சட்டென்று 10-க்கு இறங்கினால் அதற்குள் தட்டு போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு பாயிண்டை நோண்டுவது வீண்.

முள் சொல்லும் சேதி

பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எல்லா லைட்டையும் அணைத்துவிடுங்கள். பிரேக் லைட் ஒட்டிக்கொண்டு எரிகிறதா என்றும் பாருங்கள், அது எரிந்தாலும் முள் இடப்பக்கம் சாய்ந்து ஏமாற்றும். சாவியைப் போட்டு, கிக்கைக் கையாலோ காலாலோ மெதுவாக, அடிக்காமல் அழுத்தி எஞ்சினைச் சுற்றுங்கள். கண் முள்ளிலேயே இருக்கட்டும்.

பாயிண்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சுமார் 3 ஆம்பியருக்குச் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். புல்லட்டில் பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேம் சுற்றுவது எஞ்சினில் பாதி வேகத்தில் என்பதால், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் முள் ஒரு தடவைதான் நடுவுக்கு வந்துபோகும். அதைக் கவனிக்கப் பொறுமை வேண்டும்.

முள் இப்படிச் சாய்ந்து சாய்ந்து எழுந்தால் பேட்டரி, ஃபியூஸ், சாவி, காயில் பிரைமரி, பாயிண்ட் இவ்வளவும் வேலை செய்கின்றன. ஒரே பார்வையில் பாதிச் சுற்றை ஒதுக்கிவிடலாம். மிச்சம் கண்டென்சர், காயிலின் செகண்டரி, பிளக் வயர், பிளக் கேப், பிளக், டைமிங் (பொறி விழும் நேரம்).

முள் அசையவே இல்லை என்றால் எங்கோ கரண்ட் அறுந்திருக்கிறது. ஃபியூஸ் போயிருக்கலாம். ஃபியூஸ் நன்றாக இருந்து அதைப் பிடித்திருக்கும் கிளிப் பச்சை பிடித்திருக்கலாம், இது அடிக்கடி நடப்பது. சாவி சுவிட்சுக்குள் தேய்மானம், காயில் முனையில் லூஸான லக் (வயர் நுனியில் உள்ள உலோகக் கவ்வி), அல்லது பாயிண்ட் வாயில் அழுக்கு. முள் இடப்பக்கம் சாய்ந்து, எஞ்சினை எவ்வளவு சுற்றினாலும் அங்கேயே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை. இல்லாவிட்டால் பாயிண்டுக்குப் போகும் வயரோ கண்டென்சரோ பாடியோடு ஷார்ட் ஆகியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி டீக்குப் போய்விடாதீர்கள். காயில் சூடேறும், பேட்டரி இறங்கும். சோதனைக்கு நடுவே ஓய்வெடுக்கும்போதெல்லாம் சாவியை அணையுங்கள்.

பாயிண்ட் முனையில் மீட்டர்

வலது பக்கம், சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் வட்ட மூடியைத் திறந்தால் பாயிண்ட். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையை எஞ்சின் ஃபின்னிலும் (குளிர்ச்சிக்கான வரித் தகடு) சிவப்பு முனையைப் பாயிண்டுக்கு வயர் வந்து சேரும் முனையிலும் வையுங்கள். சாவி ஆன்.

பாயிண்ட் திறந்திருக்கும்போது பேட்டரி வோல்ட் முழுசாக, அதாவது 12 சொச்சம் வர வேண்டும். மூடியிருக்கும்போது ஏறத்தாழ பூஜ்யம், 0.2-க்குள். இந்த இரண்டு எண்கள் கிடைத்துவிட்டால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

மூடியிருந்தும் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் வாய் அழுக்கு. 12 வோல்டும் அப்படியே நின்றால் பாயிண்ட் தொடவே இல்லை, அல்லது பாயிண்ட் தட்டுக்கு எர்த் கிடைக்கவில்லை. சிவப்பு முனையைத் தட்டின் மேலேயே வைத்துப் பாருங்கள், அங்கும் வோல்ட் இருந்தால் எர்த்தான் குற்றவாளி. திறந்திருந்தும் பூஜ்யம் காட்டினால், காயிலிலிருந்து வரும் வயரை அந்த முனையிலிருந்து கழற்றி, வயரில் மட்டும் மீட்டரை வையுங்கள். வயரில் 12 வருகிறதா? அப்படியானால் ஷார்ட் பாயிண்ட் பக்கம்தான். கண்டென்சரைத் தனியாகக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கண்டென்சரா, இன்சுலேஷனா என்று பிரிந்துவிடும். வயரிலேயே ஒன்றும் வரவில்லை என்றால் காயிலின் மைனஸ், பிறகு காயிலின் பிளஸ், பிறகு சாவி என்று பின்னோக்கிப் போங்கள். வோல்ட் கிடைக்கும் இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது.

வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். முப்பது நாற்பது வருஷ வண்டியில் எத்தனை பேர் எந்த நிறத்தை எதில் ஒட்டினார்களோ யார் கண்டது.

இன்னொரு அளவு, பலரும் பார்க்காதது. பாயிண்ட் மூடி, சாவி ஆனாக இருக்கும்போது பேட்டரி பிளஸிலிருந்து காயில் பிளஸுக்கு நேராக மீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்டுக்குள் இருந்தால் நல்லது. இரண்டு வோல்ட் காட்டினால் வழியில் சாவியோ ஃபியூஸ் கிளிப்போ அந்த இரண்டு வோல்டைத் தின்கிறது. காயிலுக்கு மிஞ்சுவது பத்துதான். இப்படிப்பட்ட வண்டி பகலில் நன்றாக வெயிலேறிய பிறகு ஸ்டார்ட் ஆகும், மார்கழிக் காலையில் ஆகாது. காரணம் புரியாமல் கார்பரேட்டரைப் பிரிப்பார்கள். எர்த் பக்கமும் இதே கதைதான். பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் ஃபின்னுக்கு அளந்து, அங்கும் 0.2-க்கு மேல் வந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பெயிண்ட்டைச் சுரண்டி மறுபடி முடுக்குங்கள். புதுசாகப் பெயிண்ட் அடித்த, பவுடர் கோட்டிங் செய்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் இதில்தான் விழ வேண்டும்.

பாயிண்ட் செட்டைச் சரியாகப் பூட்டுவது

"நேற்றுவரை ஓடியது, புது பாயிண்ட் போட்டதும் கரண்டே வரவில்லை" என்ற புகாருக்கு ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்: இன்சுலேஷன் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள். பாயிண்ட்டின் அசையும் கை, அதன் தகட்டு ஸ்பிரிங், காயில் வயரின் லக், கண்டென்சர் வயரின் லக், இந்த நான்கும் ஒன்றையொன்று தொட வேண்டும். இவற்றில் எதுவும் பாயிண்ட் தட்டையோ, நடுவில் போகும் போல்ட்டையோ, மூடியையோ தொடக் கூடாது. போல்ட்டின் மேல் போகும் ஃபைபர் குழாய் குட்டையாக இருந்தாலோ வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் நேராக எர்த் ஆகிவிடும். எல்லாம் பூட்டிய பிறகு, பாயிண்ட் வாயில் ஒரு கெட்டித் தாளைச் செருகிவிட்டு, ஸ்பிரிங்குக்கும் பாடிக்கும் நடுவே ஓம் மீட்டர் வையுங்கள். காயில் வயரைக் கழற்றியிருக்க வேண்டும். தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் மறுபடி பிரியுங்கள்.

புது பாயிண்ட் வாயில் துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்த பிறகே பூட்டுங்கள். பழைய பாயிண்டைச் சுத்தம் செய்ய உப்புத்தாளைத் தொடாதீர்கள். அதன் மணல் உலோகத்தில் புதைந்து, அதுவே கரண்டைத் தடுக்கும். பாயிண்ட் அரம் என்று மெல்லிதாகக் கிடைக்கிறது, அதால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். கடைசியில் பெட்ரோலில் துடைத்து, சுத்தமான விசிட்டிங் கார்டு ஒன்றை வாயில் வைத்து இழுத்துவிடுங்கள். கார்டில் கறுப்பு வராத வரை இழுக்கலாம்.

இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேமின் உச்சி ஃபைபர் குதிகாலைத் தள்ளிப் பாயிண்ட் முழுசாகத் திறந்திருக்கும் இடத்தில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.35 சுலபமாகவும் 0.40 லேசான உரசலுடனும் போனால் சரி. ஸ்க்ரூவை முடுக்கும்போது தட்டு நகரும், அதனால் முடுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் விடாதீர்கள். வாய் குழிந்த பழைய பாயிண்டில் ஃபீலர் பொய் சொல்லும். மேட்டிலிருந்து மேட்டுக்கு 0.40 காட்டினாலும் குழியில் உண்மையான இடைவெளி கூடுதலாக இருக்கும்.

கேமில் கிரீஸ் ஒரு கடுகளவு போதும். ஒன்றுமே வைக்காவிட்டால் ஃபைபர் சீக்கிரம் தேய்ந்து பாயிண்ட் திறக்காமல் போகும். அள்ளிப் பூசினால் அது தெறித்து வாயில் விழுந்து கருகும்.

சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ பாயிண்ட் வாங்கும்போது கவரைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வாயும் முகத்துக்கு முகம் முழுசாகப் பொருந்த வேண்டும். ரிவெட் ஆடக் கூடாது. ஃபைபர் நகத்தில் கீறினால் மாவாக உதிரக் கூடாது. பெட்டியில் அச்சடித்த பெயரைவிட இந்த மூன்று சோதனையை நம்பலாம்.

கண்டென்சரா, காயிலா?

பிளக்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பிளக் கேப்பையும் கழற்றி, வெறும் பிளக் வயரின் நுனியை எஞ்சின் ஃபின்னிலிருந்து 6 மி.மீ. தள்ளி, நன்றாக இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடியுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் பொறி பறக்கும் இடம் அந்தத் துளைக்குத் தள்ளி இருக்கட்டும். துளையில் ஒரு துணியைத் திணித்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, ஒரு மரக்குச்சியால் அசையும் கையைச் சுண்டித் திறங்கள்.

6 மி.மீ. தாண்டி, 'டிக்' என்ற சத்தத்தோடு நீலப் பொறி விழுந்தால் காயிலும் கண்டென்சரும் நலம். வெளிறிய மஞ்சள் இழையாக வந்தாலோ, வராமலே போனாலோ, பார்வையைப் பாயிண்ட் வாய்க்கு மாற்றுங்கள். அங்கே ஒவ்வொரு சுண்டலுக்கும் கொழுத்த வெள்ளைப் பொறி தெறித்தால் கண்டென்சர் போய்விட்டது. பிளக்குக்குப் போக வேண்டிய சக்தி பாயிண்டிலேயே எரிகிறது. பாயிண்டில் சின்னப் பொறி மட்டும், பிளக் வயரில் ஒன்றுமில்லை என்றால் காயிலின் செகண்டரி மேல் சந்தேகம்.

கண்டென்சரின் அளவு 0.2 மைக்ரோ ஃபாரட் சுமாருக்கு இருக்கும். கப்பாசிட்டி அளக்கும் மீட்டரில் 0.18 முதல் 0.25 வரை காட்டினால் எண்ணளவில் சரி. ஆனால் மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான், வண்டியில் அது சில நூறு வோல்ட் தாங்க வேண்டும். மேஜையில் பாஸான கண்டென்சர் வண்டியில் சூடானதும் ஒழுகலாம். உறுதியான சோதனை, நல்லதென்று தெரிந்த வேறொரு கண்டென்சரைப் போட்டுப் பார்ப்பதுதான். பழையதின் வயரைக் கழற்றிவிட்டு, புதியதின் வயரைப் பாயிண்ட் முனையிலும், உலோக உடலைப் பாடியிலும் கிளிப் போட்டுப் பிடித்தால் போதும். பாயிண்ட் வைத்த அம்பாசிடர், பழைய ஸ்கூட்டர், எதன் கண்டென்சரும் இந்தச் சோதனைக்கு உதவும்.

காயிலுக்கு ஓம் கணக்கு உண்டு. 12 வோல்ட் காயிலின் பிரைமரி 3 முதல் 4.5 ஓமுக்குள் இருக்கும். செகண்டரி, அதாவது பிளக் வயர் துளையிலிருந்து பிரைமரி முனைக்கு, பல ஆயிரம் ஓம். 5,000-லிருந்து 10,000 வரை சகஜம். வயரும் கேப்பும் மாட்டிய நிலையில் அளந்தால் கேப்பிலுள்ள ரெசிஸ்டர் 5,000 ஓமும் சேர்ந்து காட்டும், குழம்ப வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. "கார் காயில் போட்டால் கரண்ட் பளிச்சென்று வரும்" என்று யாரோ சொல்வார்கள். காரில் பலாஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்டைக் குறைக்க வெளியே போடும் தடை) சேர்த்து ஓடுகிற காயிலின் பிரைமரி 1.5 ஓம்தான். அதை நேராக 12 வோல்டில் கொடுத்தால் 8 ஆம்பியர் இழுக்கும். முதல் வாரம் பொறி பளிச்சென்றுதான் இருக்கும். பிறகு பாயிண்ட் நீலமாகக் கருகும், காயில் கொதிக்கும், ஹெட்லைட் போட்டு ஊர்ந்தால் பேட்டரி இறங்கும். 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் காயில் மாட்டினாலும் அதே கதிதான். எந்தக் காயிலாக இருந்தாலும் வாங்குமுன் கடையிலேயே மீட்டர் வைத்து 3 ஓமுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

காயிலில் பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பிளக்கின் நடு முனை பாசிட்டிவாகிவிட்டால் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டியிருக்கும். நெகட்டிவ் எர்த் வண்டியில் மைனஸ் முனைதான் பாயிண்டுக்குப் போக வேண்டும்.

பிளக் வயர், கேப், பிளக்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். வெறும் வயர் நுனியில் பொறி வந்து, கேப் மாட்டியதும் வரவில்லை என்றால் கேப்தான். உள்ளே ரெசிஸ்டர் எரிந்திருக்கும், மீட்டரில் 5,000 ஓமுக்குப் பதில் எல்லையில்லாமல் காட்டும். கேப்பின் உள் ஸ்க்ரூ வயரின் செம்பு இழைகளுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நுனி பச்சை பிடித்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகத் திருகுங்கள். மழையில் மட்டும் மக்கர் பண்ணும் வண்டியாக இருந்தால், பிளக்கைக் கழற்றி கேப்பில் மாட்டி, அதன் உடம்பை ஃபின்னோடு எர்த் பண்ணிவிட்டு, இருட்டில் கிக்கை அடித்தபடி வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் நீலமாக மினுங்கும்.

பிளக் இடைவெளி 0.5 மி.மீ. ஓடி ஓடித் தேய்ந்து 0.8 ஆகிவிட்ட பிளக் வெளியே வைத்துப் பார்க்கும்போது பொறி காட்டும், எஞ்சினுக்குள் கம்ப்ரெஷனில் காட்டாது. "கரண்ட் வருதே" என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். திறந்த காற்றில் அரை மில்லிமீட்டர் பொறி விழுந்தால் அது எதையும் நிரூபிக்காது. அதற்காகத்தான் 6 மி.மீ. சோதனை.

பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் ஃபிளட் ஆகியிருக்கிறது. சாவியை அணைத்து, பெட்ரோல் டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து, டீகம்ப்ரெஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) இழுத்தபடி ஏழெட்டு கிக். பிளக் காய்ந்தே இருந்தால், பொறியும் நன்றாக இருந்தால், பிரச்சினை பெட்ரோல் பக்கம். அது வேறு கதை.

டைமிங்

பொறி நன்றாக இருந்தும் வண்டி கிக்கைத் திருப்பி அடிக்கிறது, அல்லது சைலன்ஸரில் வெடிக்கிறது, அல்லது தும்மிவிட்டு அணைகிறது என்றால் டைமிங் பக்கம் வாருங்கள். திருப்பி அடித்தால் பொறி சீக்கிரம் வருகிறது. சைலன்ஸரில் வெடித்தால் தாமதமாக வருகிறது, அல்லது விட்டு விட்டு வருகிறது.

பாயிண்ட் இடைவெளியை முதலில் வைத்த பிறகே டைமிங். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு வேலையும் வீண்.

350-க்கு அளவு: ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடும்போது பொறியைத் தானே முந்தவைக்கும் அமைப்பு) ஓய்வு நிலையில் இருக்கும்போது, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். கிராங்க் கணக்கில் கிட்டத்தட்ட 10 டிகிரி. பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியாக விடும் ஸ்போக் கம்பியில் 0.8-ஐ நேராக அளக்க முடியாது. உச்சி எது என்று கண்டுபிடிக்க மட்டும் கம்பியை வைத்துக்கொண்டு, டிகிரியை டிகிரி தட்டில் (கிராங்கில் மாட்டும், டிகிரி குறித்த வட்டம்) பார்ப்பதே சரி.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுங்கள். பிளக் துளையில் கட்டைவிரலை வையுங்கள், காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக். பாயிண்ட் முனைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் லைட்டுக்குப் போடும் 3 வாட் பல்பு ஒன்றை மாட்டி சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் வரை பல்பு எரியாது, திறக்கும் கணத்தில் எரியும். பல்பு எரியும் இடம் உச்சிக்கு 10 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாயிண்ட் தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தித் தட்டைத் திருப்புங்கள். கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் (பொறி முந்தும்), அதே திசையில் திருப்பினால் ரிடார்ட் (பொறி பிந்தும்). கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் தட்டில் ஒரு டிகிரி நகர்த்தினால் கிராங்கில் இரண்டு டிகிரி. அதனால் நூல் நூலாக நகர்த்துங்கள்.

அளவைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு வந்து நிறுத்தாதீர்கள். டைமிங் கியர்களில் பல் இடைவெளி ஆட்டம் இருக்கும். நன்றாகப் பின்னே போய், மறுபடி முன்னோக்கி வந்தே அளவைப் பிடிக்க வேண்டும்.

தட்டை அதன் கடைசி வரை திருப்பியும் அளவு வரவில்லையா? கேம், கூம்புத் தண்டின் மேல் நடு போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த போல்ட் தளர்ந்தால் கேம் வழுக்கி இடம் மாறிவிடும். நேற்று மாலை ஒரே கிக்கில் பிடித்த வண்டி, காலையில் ஒரு சத்தமும் இல்லாமல், பொறி மட்டும் அழகாக விழ, உயிரே இல்லாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேமை விரலால் அது சுற்றும் திசையில் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து உடனே திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்றால் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் காய்ந்த கிரீஸில் ஒட்டியிருக்கின்றன, அல்லது ஸ்பிரிங் போய்விட்டது. வண்டி முழு அட்வான்ஸிலேயே நிற்கும். அப்போது அடிக்கும் கிக் கணுக்காலைப் பதம் பார்க்கும். கேமை மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். கேம் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆடினால் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். எத்தனை தடவை செட் பண்ணினாலும் நிற்காது. புஷ் மாற்றுவதைத் தவிர அதற்கு வழியில்லை.

எல்லாம் சரியான பிறகு கிக் அடிக்கும் விதத்திலும் முள்ளைப் பயன்படுத்தலாம். சாவியைப் போட்டு, கிக் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். டீகம்ப்ரெஸரை இழுத்தபடி முள் நடுவுக்கு வந்து, இன்னும் கொஞ்சம் தாண்டும் வரை தள்ளுங்கள். டீகம்ப்ரெஸரை விட்டு, கிக்கை மேலே வரவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரு முழு உதை.

சூடானால் மட்டும் நிற்கும் வண்டி

இருபது நிமிஷம் ஓடி நிற்கும், அரை மணி ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கண்டென்சரும் காயிலும் இரண்டும் இதே நாடகத்தை ஆடும். பிரித்துப் பார்க்க ஒரே சமயம்தான் உண்டு: நின்ற அந்த நிமிஷம், வண்டி சூடாக இருக்கும்போதே. மாற்றுக் கண்டென்சரை வெளியே கிளிப் போட்டு, பழையதின் வயரைக் கழற்றிவிட்டுக் கிக் அடியுங்கள். பிடித்தால் கண்டென்சர். பிடிக்காவிட்டால் காயில் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிஷம் குளிரவிட்டுப் பாருங்கள், அப்போது பிடித்தால் காயில். வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு எதை அளந்தாலும் எல்லாம் சரியாகத்தான் காட்டும். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே மாதிரி நிற்கும், அதனால் நின்றவுடன் மூடியை ஒருமுறை திறந்து மூடிவிட்டே மற்றதைத் தொடங்குங்கள்.

கண்டென்சர் எஞ்சினின் சூட்டிலேயே உட்கார்ந்திருப்பதால்தான் சீக்கிரம் போகிறது. ஒரு வயர் நீட்டி, காயிலின் மைனஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவே, டேங்குக்குக் கீழே பூட்டிவிடலாம். மின்சாரக் கணக்கில் அது அதே இடம்தான், சூடு மட்டும் கிடையாது.

பாயிண்டே வேண்டாம் என்று எலெக்ட்ரானிக் கிட் மாட்டுவோரும் உண்டு. இடைவெளி வைக்கும் வேலை போய்விடும், அது உண்மை. ஆனால் பேட்டரி வோல்ட் இறங்கினால் பாயிண்ட் எப்படியோ சமாளித்து ஒரு பொறி தரும், பல கிட்டுகள் தராது, சில கண்ட நேரத்தில் பொறி விட்டுக் கிக்கைத் திருப்பி அடிக்கும். சார்ஜிங், எர்த், சாவி சுவிட்ச் மூன்றும் சரியாக இல்லாத வண்டியில் கிட் மாட்டினால் கோளாறு போகாது. மாட்டுவதென்று முடிவு செய்தால், மேலே சொன்ன அரை வோல்ட் சோதனையை முடித்த பிறகு மாட்டுங்கள். கழற்றிய பாயிண்ட் தட்டைக் கண்டென்சரோடு டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். கிட் நடுவழியில் போனால் அந்தத் தட்டைத் திரும்பப் பூட்டி வண்டியை ஓட்டிவரலாம். கிட்டோடு வந்த காயிலையும் மாற்றியிருந்தால் அதன் பிரைமரி எத்தனை ஓம் என்று மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். 3 ஓமுக்குக் கீழே இருந்தால் பழைய காயிலையும் கூடவே எடுத்துப் போக வேண்டியிருக்கும்.